தாமதித்து வந்த அலை

லண்டனின் வடபகுதியில் வெஸெக்ஸ் என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. பழைய தேவாலயக் கட்டடம். உயர்ந்த கூரை, தாராளமான எதிரொலி. 1977 கோடையில் குவீன் ராக் இசைக்குழு அங்கே ஒரு விசித்திரமான பாட்டைப் பதிவுசெய்தது. டிரம்ஸ் கிடையாது. பேஸ் கிதாரும் கிடையாது. கூடத்தில் சும்மா கிடந்த மரப்பலகைகளின் மேல் ஏறி நின்று, காலால் இரண்டு மிதி, கையால் ஒரு தட்டு. மிதி, மிதி, தட்டு. மறுபடி மிதி, மிதி, தட்டு. ‘வி வில் ராக் யூ’ என்ற அந்தப் பாட்டின் தாளம் இவ்வளவுதான். இன்று உலகத்தின் எந்த விளையாட்டு மைதானத்திலும், இங்கிலீஷ் தெரியாத கூட்டம்கூட அதைத் தட்டிக் காட்டிவிடும்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒரு சிலர். கேட்கும்போதோ ஆயிரக்கணக்கானவர்கள் தட்டுவதாகத் தோன்றுகிறது. பாட்டை எழுதியவர் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே. அந்த ஆயிரம் பேரை உண்டாக்க அவர் கையில் எடுத்தது பகா எண்களை.

மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே கணத்தில் கைதட்டினாலும் நம் காதுக்கு அது ஒரே கணத்தில் வந்து சேர்வதில்லை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. பக்கத்தில் நிற்பவர் தட்டினால் உடனே கேட்கும். 34 மீட்டர் தள்ளி நிற்பவர் தட்டினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். இந்தச் சிதறலைத்தான் மூளை ‘கூட்டம்’ என்று புரிந்துகொள்கிறது. அப்படியானால் நாலைந்து பேரின் தட்டைப் பதிவுசெய்து, அதன் நகல்களைக் கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்தி மேலே மேலே அடுக்கினால் கூட்டம் வந்துவிடுமே? வராது. 20, 40, 60, 80 மில்லிநொடி என்று சீரான இடைவெளியில் அடுக்கினால் காது ஏமாறாது. அது ஒரு சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலி என்று உடனே சொல்லிவிடும். போதாததற்கு, சீரான இடைவெளியில் வரும் நகல்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிவிட்டு, கைத்தட்டுக்கே ஓர் உலோக ரீங்காரத்தைப் பூசிவிடும்.

மே செய்த காரியம், தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்தது. 11, 13, 17, 19, 23 என்று வைத்துக்கொள்வோம் (விளக்கத்துக்காக நாம் போட்டுக்கொண்ட எண்கள் இவை, அவர் பயன்படுத்தியவை அல்ல). எந்த எண்ணும் இன்னொன்றின் மடங்கில்லை. எனவே நகல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒழுங்காக விழ வழியில்லை; எந்த அதிர்வெண்ணுக்கும் தனிச்சலுகை கிடைக்காது. எதிரொலி மறைந்துவிடுகிறது, தூரம் மட்டும் மிஞ்சுகிறது. கேட்பவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அதன் நடுவே நிற்கிறார். கணினி இல்லாத காலத்தில், காந்த நாடாவை வைத்துக்கொண்டு செய்த வேலை இது.

பாட்டுக்கான பொறி முன்பே விழுந்திருந்தது. அதே வருடம் ஸ்டாஃபர்ட் நகரின் பிங்லி ஹாலில் கச்சேரி முடிந்து குழு மேடையிறங்கிய பிறகும் ரசிகர்கள் கலையவில்லை. லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் பாட்டான ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ பாட்டைச் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தால் என்னதான் செய்ய முடியும்? கால் மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். மே மறுநாளே அதை வைத்துப் பாட்டு கட்டினார். தன் கிதாரைக் கடைசிவரை வெளியே நிறுத்திவைத்தார் என்பதுதான் இதில் ரசிக்கவேண்டியது. ராக் இசையின் மிகப் பிரபலமான கிதார்காரர்களில் ஒருவர் எழுதிய மிகப் பிரபலமான பாட்டில், கிதார் வருவது பாட்டு முடியப்போகிற நேரத்தில்.

பகா எண் யோசனை யாருக்கும் தற்செயலாக உதிக்கிறதல்ல. மே 1968இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றவர். அதன் பிறகு வானியற்பியலில் ஆராய்ச்சி மாணவர். ஓர் அலையும், சற்றுப் பிந்தி வரும் அதன் நகலும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது அவர் படித்த பாடத்தின் மையக் கேள்விகளில் ஒன்று. மேடும் மேடும் சேர்ந்தால் அலை பெருக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். குறுக்கீட்டு விளைவு என்று பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லும். அவருடைய கிதார், பாடல்கள், ஆய்வேடு மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த ஒரே கேள்வி வேறு வேறு வேடத்தில் வந்துபோவது தெரிகிறது. திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஒரு மனிதருக்கு ஒரு விஷயம் பிடித்துப்போய்விட்டால் அது எல்லா இடத்திலும் எட்டிப் பார்க்கும்.

கிதாரிலிருந்து தொடங்கலாம்.

1963 ஆகஸ்டில் மேக்கு 16 வயது. லண்டனின் மேற்கு ஓரத்தில் ஃபெல்தம் பகுதியில் வீடு. தந்தை ஹெரால்ட் மே மின்னணுக் கருவிகளுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தார். பையன் ஆசைப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாதது. எனவே அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து தாங்களே ஒன்றைச் செய்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். இரண்டு வருடம் பிடித்தது. செலவு எட்டு பவுண்டு அளவில்.

கிதாரின் கழுத்து, தெரிந்தவர் வீட்டில் கழற்றி எறியவிருந்த பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரம், பூச்சி அரித்த ஓட்டைகளோடு; அவற்றைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி பழைய ஓக் மேஜை. கழுத்தில் விரலுக்கு வழிகாட்டும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிப்பிப் பொத்தான்கள். அதிர்வுக் கைப்பிடி சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி; அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. சிவப்பாக மெருகேற்றப்பட்ட அந்தக் கருவிக்கு ‘ரெட் ஸ்பெஷல்’ என்று பெயர். பிறகு கோடிக்கணக்கில் சம்பாதித்த பின்பும் மே மேடையில் அதைத்தான் வாசித்தார்.

ஏழ்மைக் கதையாக இதைச் சொல்லி நெகிழ்வது சுலபம். உண்மையில் அந்தக் கிதாரில் கடையில் கிடைத்தவற்றைவிட நல்ல பொறியியல் இருந்தது. அதிர்வுக் கைப்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அமுக்கினால் கம்பிகள் தளரும், சுருதி இறங்கும். விட்டால் பழைய சுருதிக்குத் திரும்பவேண்டும். திரும்பாது என்பதுதான் அந்தக் காலத்துக் கிதார்காரர்களின் நிரந்தரப் புலம்பல். கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை ஒரு சதவீதம் மாறினால் அதிர்வெண் அரை சதவீதம் மாறும். பழகிய காதுக்கு அந்த அரை சதவீதம் பொறுக்காது. குற்றவாளி உராய்வு. கம்பி உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது.

அப்பாவும் பிள்ளையும் உராய்வை ஒவ்வோர் இடமாகத் தேடி ஒழித்தார்கள். கைப்பிடியின் அச்சு, கெட்டிப்படுத்திய எஃகுக் கத்தியின் விளிம்பின் மேல் ஆடியது. வேதியியல் கூடத்துத் தராசு கத்தி விளிம்பில் ஆடுவதும் இதே காரணத்துக்காகத்தான். கம்பிகளின் இழுப்பைச் சமன்செய்தவை 1928ஆம் வருடத்துப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. பாலத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் கையால் கடைந்த தனித்தனி உருளை.

பிக்கப்பையும் முதலில் தானே செய்துபார்த்தார் மே. காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து சுருளில் மின்சாரம் பிறக்கும். நன்றாகவே ஒலித்தது. ஆனால் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும்போது இரைச்சல் வந்தது. பக்கத்துப் பக்கத்துக் காந்தங்களை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார். கம்பி ஒரு துருவத்திலிருந்து எதிர்த்துருவத்துக்குக் கடந்துபோனதன் சத்தம் அது. கடைசியில் பர்ன்ஸ் கம்பெனியின் டிரை-சோனிக் பிக்கப் மூன்றை வாங்கி, சுருள்கள் தாமாக அதிர்ந்து கிறீச்சிடாமல் இருக்க அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார்.

இங்கேதான் நம் அலை வருகிறது. மூன்று பிக்கப்புக்கும் தனித்தனியே இரண்டிரண்டு சுவிட்சுகள். ஒன்று இயக்கவோ நிறுத்தவோ. இன்னொன்று அந்தப் பிக்கப்பின் மின்னலையைத் தலைகீழாகப் புரட்ட. எதற்காகப் புரட்டவேண்டும்? கம்பி அதிரும்போது ஒரே ஓர் அதிர்வு இருப்பதில்லை. முழுக்கம்பியும் ஒன்றாக மேலும் கீழும் போகும் அடிப்படை அதிர்வு ஒன்று; அதன் மேலேயே இரண்டு பாகமாக, மூன்று பாகமாக, நான்கு பாகமாகப் பிரிந்து ஆடும் மேற்சுரங்கள் பல. இரண்டு பிக்கப்புகள் கம்பியின் இரண்டு இடங்களைக் கவனிக்கின்றன. அடிப்படை அதிர்வில் அந்த இரண்டு இடங்களும் சேர்ந்தே மேலே போகின்றன. ஒன்றைப் புரட்டிவிட்டு இரண்டையும் கூட்டினால், அடிப்படைச் சுரம் பெரும்பாலும் அழிந்துபோகும். உயர்ந்த மேற்சுரங்கள் சிலவற்றில் ஓர் இடம் மேலே போகும்போது மற்றது கீழே போகிறது. அவை புரட்டிய பிறகு ஒன்றுசேர்ந்து பெருகும். விளைவு, உடல் மெலிந்து குரல் மட்டும் கூர்மையான ஓர் ஒலி. ‘போஹீமியன் ராப்சடி’ பாட்டின் நடுவே கிதார் தனியாக எழுந்து பாடும் இடத்தில் கேட்பது இந்தக் குடும்பத்து ஒலி. பாட்டு முழுவதையும் எழுதியவர் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. அந்தத் தனி இடத்தை மெர்குரியின் மெட்டையே திருப்பி வாசிக்காமல், அதே சுரக்கட்டின் மேல் வேறொரு மெட்டாக அமைத்தவர் மே.

கிதாரின் உடலுக்குள் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியின் சத்தம் உடலை உலுக்கும், உடல் கம்பியை உலுக்கும், கம்பி பிக்கப்பை, பிக்கப் ஒலிபெருக்கியை. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவது மாதிரி, சுற்றிவரும் ஒலி கம்பியின் ஆட்டத்தோடு ஒத்துப்போனால் சுரம் அடங்காமல் நின்று பாடும். ஒத்துப்போகிறதா என்பது வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது. நொடிக்கு 440 அதிர்வு கொண்ட சுரத்தின் அலைநீளம் காற்றில் 78 சென்டிமீட்டர். வாசிப்பவர் 39 சென்டிமீட்டர் நகர்ந்தால் மேடு பள்ளமாகிவிடும். பாடிக்கொண்டிருந்த சுரம் வாயடைத்துப்போய் வேறொரு சுரம் தலைதூக்கும். மேடையில் கிதார்காரர்கள் ஒலிபெருக்கியை நோக்கி ஒரு காலடி முன்னும் பின்னுமாக அலைவது ஸ்டைலுக்காக மட்டுமல்ல.

வாசிக்க அவர் பயன்படுத்தியது ஆறு பென்ஸ் நாணயம். பிளாஸ்டிக் வளையும், நாணயம் வளையாது. அதன் பல்பல்லான விளிம்பைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சுரத்தின் தொடக்கத்தில் ஒரு கரகரப்பு கிடைக்கும். அரசாங்கம் 1980இல் அந்த நாணயத்தைச் செல்லாக்காசாக்கிவிட்டது. மே அதை விடவில்லை.

அடுத்து, பல கிதார்களை அடுக்கிக் கட்டும் அவருடைய புகழ்பெற்ற கிதார் ஆர்கெஸ்ட்ரா. ஏன் அப்படி ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே பதிவுசெய்யவேண்டும், இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். அவருடைய வாக்ஸ் ஏ.சி. 30 ஒலிபெருக்கி முழு வேகத்தில் ஓடும். அதற்கு முன்னால் உயர்சுரங்களைத் தூக்கிவிடும் சிறு பெட்டி. அந்த நிலையில் ஒலிபெருக்கி அலையின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்குகிறது. ஒரே ஒரு சுரம் இப்படி வெட்டுப்பட்டால் அதன் மேற்சுரங்கள் செழித்து, குரல் தடிக்கும், இனிமையாகவே இருக்கும். இரண்டு சுரங்கள் சேர்ந்து உள்ளே போனால் கதை வேறு. 440உம் 554உம் நுழைந்தால், அவற்றின் வித்தியாசமான 114உம், கூட்டுத்தொகையான 994உம் அழையா விருந்தாளிகளாக வெளியே வரும். ராக் இசையின் கனத்த உறுமல் இதிலிருந்து வருவதுதான். ஆனால் மூன்று வயலின் சேர்ந்து வாசிப்பதுபோன்ற தெளிவு வேண்டுமென்றால் அதற்கு எதிரி இதுதான். எனவே ஒவ்வொரு குரலையும் தனியாக வெட்டுப்படவிட்டு, நாடாவில் பிறகு கூட்டினார் மே. ‘கில்லர் குவீன்’ பாட்டில் கிதார் குரல்கள் மணிகளாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றுகொள்வதைக் கேட்டால் இந்த முறையின் பலன் புரியும்.

இந்த அடுக்குவேலையில் இன்னொரு விநோதக் கருவி. குவீனின் பேஸ் கிதார்காரர் ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் லண்டன் தெருவோரக் குப்பைத் தொட்டியில் ஒரு மின்சுற்றுப் பலகையைக் கண்டெடுத்தார்; மலிவான ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவின் மிச்சம். அதைப் புத்தக அலமாரியில் வைக்கும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தி, பேட்டரியில் ஓடவிட்டார். ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு குமிழ்கூடக் கிடையாது. அந்தப் பெட்டி வழியாக ரெட் ஸ்பெஷல் செல்லோவாகியது, வயலினாகியது, ‘குட் கம்பெனி’ பாட்டில் ஒரு முழு ஜாஸ் பேண்டே ஆகியது.

1975இல் வந்த ‘குட் கம்பெனி’ மேயே எழுதி, மேயே பாடிய பாட்டு. குழுவின் மற்ற சாதனைகளின் நிழலில் மறைந்துபோய்விட்டது. இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்கள் முதலில் தேடிக் கேட்கவேண்டியது அதைத்தான். டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் எல்லாம் கேட்கும், ஒன்றும் நிஜமில்லை. எல்லாம் கிதார். ஒரு வாத்தியத்தை இன்னதென்று காது அடையாளம் காண்பதில் சுரத்தின் முதல் சில பத்து மில்லிநொடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதை வெட்டியெடுத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் போட்டுக்காட்டினால் தேர்ந்த காதுகளே தடுமாறும். கிதாரின் அடையாளம் அந்தத் ‘டிங்’ என்ற முதல் அடி. மே காலடிப் பெடலால் அந்த அடியை மூடி, சுரத்தை மெல்லத் திறந்துவிட்டார். டிராம்போனுக்கு வழுக்கல், டிரம்பெட்டுக்கு வேறுவிதமான உதட்டுவேகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நடை. சிறுவயதில் டெம்பரன்ஸ் செவன் என்ற பழைய பாணி ஜாஸ் குழுவின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பாடம்செய்து வைத்திருந்ததன் பலன்.

‘பிரைட்டன் ராக்’ (1974) வேறு சோதனை. எக்கோபிளெக்ஸ் என்ற நாடா எதிரொலிக் கருவி வாசித்ததைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் தரும். மே அதன் தண்டை நீட்டித் தாமதத்தைக் கூட்டினார். இரண்டு கருவிகள், இரண்டும் தனித்தனி ஒலிபெருக்கிகளுக்கு. இப்போது வாசிக்கும் சுரம், சற்று முன் வாசித்த சுரத்தோடும் அதற்கும் முன் வாசித்ததோடும் ஒரே நேரத்தில் இசையவேண்டும். வாசிப்பவர் எப்போதும் மூன்று காலங்களில் இருக்கிறார். மேடையில் ஒரே ஆள் மூன்று குரலில் தன்னைத்தானே துரத்திக்கொண்டு போவதைப் பத்து நிமிடம்கூடச் செய்துகாட்டினார். அடுத்த வருடம் ‘தி ப்ராஃபெட்ஸ் சாங்’ பாட்டில் இதே தாமத விளையாட்டை மெர்குரியின் குரலுக்குப் போட்டார். நோயில் கிடந்தபோது கண்ட ஒரு கனவிலிருந்து எழுதிய, எட்டு நிமிடத்தைத் தாண்டும் பாட்டு. தொடக்கத்தில் ஜப்பானில் பரிசாகக் கிடைத்த பொம்மைக் கோட்டோ வாத்தியத்தை வேறு மீட்டியிருப்பார்.

இதெல்லாம் நடப்பதற்குச் சற்று முன்புவரை இதே மனிதர் இரவுகளில் வேறொரு அலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கானரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில், டெய்டே எரிமலையின் பக்கத்தில், கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் இஸான்யா என்ற இடம். 1970களின் தொடக்கத்தில் இம்பீரியல் கல்லூரிக் குழு அங்கே கருவிகளைக் கொண்டுபோய் ராசிமண்டல ஒளியை ஆராய்ந்தது. நகர வெளிச்சம் எட்டாத இடத்தில், விடியலுக்கு முன்போ அந்திக்குப் பின்போ, அடிவானத்திலிருந்து சாய்வாக எழும் மங்கிய கூம்பு ஒளி அது. சூரியனைச் சுற்றிக் கோள்களின் தளத்தில் பரந்துகிடக்கும் தூசு, சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் தெரிகிறது. அந்தத் தூசு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதுதான் மேயின் கேள்வி.

வழி டாப்ளர் விளைவு. சூரிய ஒளியின் நிறமாலையில் மெக்னீசியம் அணுக்கள் விழுங்கிய ஓர் இருண்ட கோடு 518.4 நானோமீட்டரில் இருக்கிறது. தூசு அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும்போது, தூசின் வேகத்துக்கு ஏற்ப அந்தக் கோடு இடம்மாறும். நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மாற்றம் 0.05 நானோமீட்டர். இவ்வளவு சிறியதை அளக்க ஃபேப்ரி-பெரோ கருவி. எதிரெதிரே இணையாக நிற்கும் இரண்டு பாதிக் கண்ணாடிகள். ஒளி அவற்றின் நடுவே பலமுறை போய்ப்போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் தன் முந்தைய நகலைவிடக் கொஞ்சம் பிந்துகிறது. பிந்திய நகல்கள் எல்லாம் மேட்டோடு மேடு பொருந்துகிற அலைநீளம் மட்டும் வெளியேறும், மற்றவை தம்மைத்தாமே அழித்துக்கொள்ளும். வெஸெக்ஸ் கூடத்தில் அவர் பகா எண்களால் தவிர்த்த அதே ஒழுங்கை, இங்கே ஒரு நானோமீட்டரின் நூறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் போய்ப் பிடிப்பதற்காகவே கருவி கட்டினார்கள்.

மே இணையாசிரியராக இருந்த ஆய்வுக் கட்டுரை 1972 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது; தூசின் இயக்கம் பற்றிய இன்னொன்று 1974இல் அரச வானியல் கழகத்தின் இதழில். டெனரீஃப் மலையில் ஸ்பானிஷ் கிதார் ஒன்றும் கூடவே இருந்தது. ‘டை யுவர் மதர் டவுன்’ பாட்டின் முரட்டு அடித்தளச் சுரக்கட்டு அங்கே பிறந்தது. பதிவானது 1976இல்.

குவீனின் முதல் ஆல்பம் 1973இல் வெளிவந்தது. ஆய்வேடு பெரும்பகுதி எழுதப்பட்ட நிலையில் 1974இல் அதை மூட்டைகட்டினார். தந்தைக்கு இது பொறுக்கவில்லை. கிதாரைச் சேர்ந்து செய்துகொடுத்தவரே, பிள்ளை படிப்பை விட்டு அந்தக் கிதாரோடு போனதை ஏற்கவில்லை என்பது நம் ஊர் வீடுகளுக்கும் புதிதல்லாத காட்சி. 1977இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குயர் கார்டன் கச்சேரிக்குப் பெற்றோரை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் மனம் இளகியது.

படிப்பை விட்டதன் சாயல் பாட்டில் உடனே விழுந்தது. 1975இல் எழுதிய ‘தர்ட்டி-நைன்’ மேலுக்கு ஒரு நாட்டுப்புறப் பாட்டு. சாதாரண கிதார், டீக்கன் கற்றுக்கொண்டு வாசித்த பெரிய டபிள் பேஸ், கோரஸ். உள்ளே ஐன்ஸ்டைன். புது உலகம் தேடிக் கப்பலேறிப் போகிறார்கள் ஆட்கள். கப்பல் என்பது விண்கலம். அவர்களுக்கு ஒரு வருடம் ஓடுகிறது. திரும்பி வந்தால் பூமியில் நூறு வருடம். விட்டுப்போன மனைவி இல்லை. வழித்தோன்றலின் முகத்தில் அவள் சாயல் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வருடத்துக்கு நூறு வருடம் கழிய, கலம் ஒளியின் வேகத்தில் 99.995 சதவீதத்தில் போகவேண்டும். 50 ஒளியாண்டு போய் 50 ஒளியாண்டு திரும்பலாம். மே பாட்டில் எந்தச் சூத்திரத்தையும் சொல்வதில்லை. காலநீட்சி என்ற பெயரைக்கூட எடுப்பதில்லை. தெரியாதவர்கள் கடலோடியின் சோகப் பாட்டு என்றே கேட்டுவிட்டுப் போகிறார்கள், அதிலும் பிழையில்லை.

மெர்குரியின் வரிகளில் இருக்கும் குறும்பும் வழுக்கலும் மேயின் வரிகளில் இல்லை. நேராகச் சொல்வார், சில சமயம் தேவைக்குமேல் உருகிவிடுவார். ஆனால் காலம் பிசகிப்போன மனிதர்கள் அவருக்குத் திரும்பத் திரும்பக் கைகொடுத்தார்கள். 1986இல் ‘ஹைலேண்டர்’ படத்துக்காக எழுதிய ‘ஹூ வாண்ட்ஸ் டு லிவ் ஃபார் எவர்’ மரணமில்லாத ஒருவனைப் பற்றியது. மனைவி மூப்படைகிறாள், அவன் அப்படியே இருக்கிறான். படத்தின் முதல் தொகுப்பைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் காரிலேயே மெட்டு உருவாகிவிட்டது. பத்து வருடம் முன்பு விண்கலத்தில் அனுப்பியவனின் சங்கடம்தான் இது. இம்முறை இயற்பியலின் துணை இல்லாமல்.

இம்பீரியல் கல்லூரியில் மூட்டைகட்டிய ஆய்வேடு முப்பது வருடத்துக்கு மேல் தூங்கியது. ராசிமண்டல ஒளியின் வேகங்களை அளக்க அந்த இடைவெளியில் அதிகம் பேர் வரவில்லை என்பது மேயின் அதிர்ஷ்டம். பழைய அளவீடுகள் காலாவதியாகவில்லை. ஆனாலும் நடுவே 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் தூசுப் பட்டைகளைக் கண்டிருந்தது. முப்பது வருடத்து ஆராய்ச்சியையும் படித்துச் சேர்க்கவேண்டியிருந்தது. மைக்கேல் ரோவன்-ராபின்சன் வழிகாட்ட, 2007இல் ஆய்வேட்டை ஒப்படைத்தார். 60 வயதில் முனைவர் பட்டம்.

அதற்குப் பிறகு நாசாவின் கதவுகளும் திறந்தன. புளூட்டோவைக் கடந்துபோன நியூ ஹொரைசன்ஸ் கலம், 2019 ஜனவரி 1 அன்று அதற்கும் அப்பால் உள்ள ஒரு சிறுபொருளை நெருங்கியபோது, மே அதற்காகவே எழுதிய பாட்டு வெளியானது. கலத்தின் செய்தி பூமிக்கு வந்துசேர ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

இன்னொரு பழைய ஆசையும் கைகொடுத்தது. சிறுவனாக இருந்தபோது வீட்டாபிக்ஸ் காலை உணவுப் பொட்டலங்களில் வந்த இரட்டைப் படங்களைச் சேர்த்தவர் மே. சற்றே இடம்மாற்றி எடுத்த இரண்டு படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டினால், இரண்டின் வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தைக் கட்டிக்கொள்ளும். ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் பென்னு என்ற சிறுகோளைச் சுற்றி எடுத்த படங்களிலிருந்து, கிளாடியா மன்சோனியோடு சேர்ந்து இத்தகைய இரட்டைப் படங்களை உருவாக்கினார். எந்தச் சரிவில் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது, எங்கே கலம் ஆபத்தில்லாமல் தொட்டு மண் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் முடிவெடுக்க அவை உதவின. 2020 அக்டோபரில் கலம் பென்னுவைத் தொட்டது. டெனரீஃபில் மே தூரத்திலிருந்து வேகம் அளந்த தூசு, சிறுகோள்கள் மோதியும் வால்மீன்கள் உதிர்ந்தும் உண்டானது. இப்போது சிறுகோள் ஒன்றின் தூசு 121.6 கிராம், உலோகப் பெட்டியில் அடைபட்டு பூமிக்கு வந்தது. 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் பாராசூட்டோடு அது இறங்கியபோது, மே அங்கே போயிருக்க முடியவில்லை. குவீனின் அடுத்த கச்சேரிப் பயணத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.